சரக்குத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு

தம்பிகளே, தங்கைகளே,

லாஜிஸ்டிக்ஸ் படித்துவிட்டு, சென்னை ராஜாஜி சாலைச் சுங்க இல்லத்தைச் சுற்றியுள்ள தம்பு செட்டித் தெருவுக்கும் லிங்கிச் செட்டித் தெருவுக்கும் வேலை தேடி வரும் உங்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. எங்கள் தலைமுறையில் யாரும் இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்ததில்லை. மாமா அழைத்துவந்தார், சித்தப்பா சேர்த்துவிட்டார் என்றுதான் வந்தோம். நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்து வருகிறீர்கள்.

உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். இந்தியா ஒவ்வொரு நாட்டுடனும் வர்த்தக ஒப்பந்தம் போடுகிறது, வரி குறைகிறது, அப்படியானால் ஃபார்வர்டிங் தொழிலுக்கு இனி நல்ல காலம்தானே? சரக்குக்கு நல்ல காலம்தான். சரக்கை அனுப்பிக் கொடுக்கிறவருக்கும் நல்ல காலமா என்பது, அவர் எதை விற்றுப் பிழைக்கிறார் என்பதைப் பொறுத்தது. 1991-க்குப் பிறகு நம் நாட்டில் நடந்ததை வைத்து, எனக்குத் தோன்றியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பழைய நிலைமையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1991 ஜூலைக்கு முன்பு இறக்குமதி என்றாலே லைசென்ஸ். எந்தப் பொருளை, யார், எவ்வளவு, எதற்காகக் கொண்டுவரலாம் என்று அரசு தடித்த கொள்கைப் புத்தகம் போட்டிருந்தது. அனுமதி கிடைத்து, கப்பல் வந்து, சரக்கு இறங்கினால் அடுத்து வரி. சில பொருட்களுக்கு அது 300 சதவீதத்தையும் தாண்டியது. வெளிநாட்டு டேப் ரிக்கார்டருக்கும் கைக்கடிகாரத்துக்கும் பர்மா பஜாரில் கூட்டம் அலைமோதியதற்கு அந்த அடைப்புதான் காரணம்.

அந்தக் காலத்து கிளியரிங் ஏஜென்ட் எதை விற்றார்? வழி தெரிந்திருப்பதை விற்றார். எந்த லைசென்ஸில் எந்தப் பொருள் அடங்கும், எந்த மேசையில் எந்தக் கோப்பு நிற்கிறது, வரிவிலக்கு இறக்குமதிக்கான டி.இ.இ.சி. புத்தகத்தில் பதிவு வாங்குவது எப்படி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வேலை குறைவுதான். ஆனால் வந்த வாடிக்கையாளர் போகமாட்டார். போவதற்கு இடமும் இல்லை.

மன்மோகன் சிங்கின் 1991 பட்ஜெட் உச்ச வரியை 150 சதவீதத்துக்கு இறக்கியது. படிப்படியாகக் குறைந்து, 2007-08-இல் வேளாண் பொருள் அல்லாதவற்றுக்கு உச்ச வரி 10 சதவீதமானது. எந்திரங்களுக்கும் மூலப்பொருட்களுக்கும் லைசென்ஸ் முதலில் போனது. நுகர்பொருட்கள் மீதிருந்த அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1-இல் முற்றாக விலகியது. 1990-91-இல் ஏறக்குறைய 1,800 கோடி டாலராக இருந்த நம் சரக்கு ஏற்றுமதி, 2022-23-இல் 45,000 கோடி டாலரைத் தொட்டது. இறக்குமதி 2,400 கோடி டாலரிலிருந்து 71,000 கோடி டாலரைத் தாண்டியது.

சரக்கு இப்படிப் பெருகிய அதே ஆண்டுகளில்தான், வழி தெரிந்தவர் என்ற பெயருக்கு இருந்த விலை சரிந்தது. தடை இல்லாத இடத்தில் தடை தாண்டத் தெரிந்தவருக்கு என்ன கூலி? லைசென்ஸ் வேலையை மட்டுமே நம்பியிருந்த பல அலுவலகங்கள் சத்தமில்லாமல் மூடிப்போயின. கடல் ஃப்ரைட், விமான ஃப்ரைட், கிடங்கு, லாரி, காப்பீடு என்று முழுப் பயணத்தையும் தன் பொறுப்பில் எடுத்தவர்கள் வளர்ந்தார்கள். இன்றைக்கும் நிலைமை அதுதான். பொறுப்பை ஏற்கிறவருக்குத்தான் இந்தத் தொழிலில் காசு.

2. சரக்கு கூடினால் லாபம் கூடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

சுங்க முகவர் ஆக லைசென்ஸ் வேண்டும், தேர்வு உண்டு. ஃபார்வர்டர் ஆக ஒரு மேசையும் போனும் போதும் என்ற நிலைதான் பல காலம். வர்த்தகம் திறந்ததும் ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்தார்கள். இன்னொரு பக்கம், அதுவரை நம்மூர் ஏஜென்ட் மூலமாக வேலை பார்த்த ஐரோப்பிய, ஜப்பானிய, அமெரிக்கக் கம்பெனிகள் முதலில் கூட்டுக் கம்பெனி வைத்தன, பிறகு தாமே சொந்தமாக அலுவலகம் திறந்தன. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட் என்பதே தன் அடையாளம் என்றிருந்தவர்கள், அந்தக் கம்பெனி இங்கே பலகை மாட்டிய நாளில் வாடிக்கையாளரையும் இழந்தார்கள், பழகிய ஊழியரையும் இழந்தார்கள். இதை ஒரு தடவை அல்ல, பல தடவை பார்த்தாயிற்று.

ஆனால் நாம் வெளியே போகவும் அதே கதவுதான் திறந்தது. மும்பையின் ஆல்கார்கோ 2006-இல் பெல்ஜியத்தின் ஈ.சி.யூ. லைனைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. பல வணிகர்களின் சிறு சரக்குகளை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். தொழிலில் உலகம் முழுக்க அலுவலகம் வைத்திருந்த கம்பெனி அது. அதை ஓர் இந்தியக் கம்பெனி வாங்கும் என்று 1991-இல் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். திறந்த சந்தையில் பெரியவர்கள் இன்னும் பெரிதாவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். 2025-இல் டென்மார்க்கின் டி.எஸ்.வி., ஜெர்மனியின் ஷெங்கரை வாங்கி முடித்தது. சிறிய அலுவலகம் விலையில் அவர்களோடு மோத முடியாது. மோதவும் வேண்டாம்.

3. ஃப்ரைட்டை யார் கொடுக்கிறார் என்று முதலில் கேளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

நம் ஏற்றுமதியாளர்களில் பெரும்பாலோர் எஃப்.ஓ.பி. விலையில் விற்கிறார்கள். கப்பலில் ஏற்றும் வரைதான் தன் பாடு, அதற்குப் பிறகு ஃப்ரைட் வாங்குபவர் பாடு. கேட்கச் சௌகரியமாக இருக்கும். ஆனால் ஃப்ரைட் கொடுப்பவர்தான் ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுப்பார். அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் வாங்குபவர், தன் ஊர்க் கம்பெனியை நியமித்து, அவர்களிடமே சரக்கைக் கொடு என்று எழுதிவிடுவார். நாம் நாமினேஷன் சரக்கு என்கிறோமே, அது இதுதான். திருப்பூரிலிருந்தும் கரூரிலிருந்தும் எத்தனை கன்டெய்னர் போனாலும், அவற்றின் ஃப்ரைட்டைப் பேரம் பேசுவது வேறு நாட்டில். நம் அலுவலகத்துக்குக் கிடைப்பது ஷிப்பிங் பில் போடும் கூலி.

வர்த்தகம் திறக்கத் திறக்க இது கூடியது. துணிக்கு 2004 டிசம்பர் வரை கோட்டா இருந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு என்று பங்கு பிரித்திருந்ததால், வாங்குபவர்கள் பல நாடுகளில் பல சிறு உற்பத்தியாளரிடம் சிதறி வாங்கினார்கள். 2005 ஜனவரி 1-இல் கோட்டா போனதும், பெரிய சில்லறைக் கம்பெனிகள் குறைந்த எண்ணிக்கையில் பெரிய ஆலைகளிடம் மொத்தமாக வாங்கத் தொடங்கின. கொள்முதல் ஒரே இடத்தில் குவிந்தபோது ஃப்ரைட் ஒப்பந்தமும் அவர்கள் கையில் குவிந்தது.

உங்கள் வாடிக்கையாளர் சிறிய ஏற்றுமதியாளர் என்றால், அவரை உட்காரவைத்து இதைப் பொறுமையாக விளக்குங்கள். எஃப்.ஓ.பி.யில் விற்றாலும் டெர்மினல் கட்டணம், டாக்குமென்ட் கட்டணம், சீல் கட்டணம் என்று அந்த நாமினேஷன் ஃபார்வர்டர் இங்கே வசூலிப்பதை எதிர்த்துப் பேச அவருக்கு வழியில்லை. இன்னொன்றும் சொல்லுங்கள். எஃப்.ஓ.பி.யில் பொருளின் ஆபத்து கப்பலில் ஏறும் வரை விற்பவர் தலையில். கன்டெய்னர் சரக்கையோ நாம் சில நாள் முன்பே கன்டெய்னர் சரக்கு நிலையமான சி.எஃப்.எஸ்.ஸில் ஒப்படைத்துவிடுகிறோம். இடையில் மழையோ தீயோ வந்தால் நஷ்டம் யாருக்கு? கன்டெய்னர் சரக்குக்கு, போக்குவரத்தாளரிடம் ஒப்படைத்ததும் ஆபத்து வாங்குபவருக்கு மாறும் எஃப்.சி.ஏ.தான் ஏற்றது என்று இன்கோடெர்ம்ஸ் விதிகளே சொல்கின்றன. நம் ஊரில் கேட்பார் இல்லை.

முடிந்தால் வாடிக்கையாளரை, ஃப்ரைட்டும் காப்பீடும் சேர்ந்த விலையான சி.ஐ.எஃப்.பில் விற்கச் சொல்லுங்கள். புதிய வாங்குபவர், சின்ன ஆர்டர், ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற சந்தைகள் என்றால் இதற்கு இடம் கிடைக்கும். ஃப்ரைட் நம் பக்கம் வரும்போதுதான் இங்குள்ள ஃபார்வர்டர் வளர்வார். கப்பல் கம்பெனியிடம் அளவு காட்டி விலை கேட்கவும் அப்போதுதான் முடியும். ஒரு நாட்டின் சரக்குத் தொழில் அதன் ஏற்றுமதியோடு சேர்ந்து வளர்கிறதா, பின்தங்கிவிடுகிறதா என்பது இந்த ஒரு இடத்தில்தான் தீர்மானமாகிறது என்பது என் முடிவான கருத்து.

4. பில் ஆஃப் லேடிங்கைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கப்பல் கம்பெனி கொடுப்பது மாஸ்டர் பி.எல். ஃபார்வர்டர் தன் பெயரில் கொடுப்பது ஹவுஸ் பி.எல். நாமினேஷன் சரக்கில் நம் ஏற்றுமதியாளர் கையில் இருப்பது பெரும்பாலும் ஹவுஸ் பி.எல். மட்டுமே. அந்த ஃபார்வர்டர் வாங்குபவரோடு சேர்ந்துகொண்டு, அசல் பத்திரம் வராமலேயே அங்கே சரக்கைக் கொடுத்துவிட்டால், இங்கே அசல் மூன்றையும் பீரோவில் பூட்டி வைத்திருப்பவருக்குப் பணமும் இல்லை, பொருளும் இல்லை. வழக்குப் போடலாம் என்றால் அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் ஒரு நாற்காலிகூட இருக்காது.

ஆகவே ஹவுஸ் பி.எல். வந்ததும், கொடுத்தவர் 1993-ஆம் ஆண்டின் பன்முகப் போக்குவரத்துச் சட்டப்படி கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு பெற்றவரா, பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணம் வராத நிலையில் சரக்கு பெறுபவர் இடத்தில் வாங்குபவர் பெயரை நேராக எழுதாமல், வங்கியின் ஆணைப்படி என்று எழுதச் சொல்லுங்கள். விமானச் சரக்கில் இன்னும் கவனம் வேண்டும். ஏர்வே பில் உரிமைப் பத்திரம் கிடையாது. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் போய் வாங்கிக்கொள்ளலாம். வங்கியின் சம்மதத்தோடு வங்கி பெயரைப் போடுவதுதான் பாதுகாப்பு. ஏற்றுமதிப் பணம் வராவிட்டால் கைகொடுக்கும் ஈ.சி.ஜி.சி. காப்பீடு பற்றியும் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

1856-ஆம் ஆண்டின் பழைய பில் ஆஃப் லேடிங் சட்டம் போய், 2025-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. சிறிய சட்டம்தான். ஒரு மாலையில் படித்துவிடலாம்.

5. பொருளைப் படியுங்கள்.

சுங்கத்தில் 2011-இலிருந்து சுய மதிப்பீடு. வரி எவ்வளவு, எந்த எச்.எஸ். எண் என்று இறக்குமதியாளரே அறிவிக்க வேண்டும். அறிவிப்பை எழுதிக் கொடுப்பது நாம். சுங்க வரி அட்டவணையில் ஒரு மோட்டார் பம்ப் போவது எந்த அத்தியாயத்தில், அதன் உதிரி பாகம் எந்த அத்தியாயத்தில், உதிரி பாகம் என்று சொல்ல என்ன நிபந்தனை என்பதெல்லாம் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும். தொழிற்சாலைக்குப் போங்கள். கோவையில் பம்ப் எப்படிச் செய்கிறார்கள், ராணிப்பேட்டையில் தோல் எந்த நிலையில் என்ன பெயர் பெறுகிறது, தூத்துக்குடியில் இறால் எப்படி உறைய வைக்கப்படுகிறது என்று நேரில் பாருங்கள்.

வாடிக்கையாளரையும் படியுங்கள். அவருடைய ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண், ஜி.எஸ்.டி. எண், சொன்ன முகவரியில் அவர் உண்மையில் இயங்குகிறாரா என்பதைச் சரிபார்ப்பது சுங்க முகவர் ஒழுங்குமுறைகளின்படி நம் கடமை. சலுகைத் தொகையைச் சுருட்டவே பெயருக்கு ஏற்றுமதி செய்பவர்கள் உண்டு. அவர்கள் மறைந்துபோவார்கள், லைசென்ஸ் போவது நமக்கு.

6. ஒப்பந்தம் என்றால் வரி விகிதம் மட்டும் என்று நினைக்காதீர்கள். பிறப்பிட விதிதான் அதன் உயிர்.

இலங்கையுடனான ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆசியான் நாடுகளுடனும் கொரியாவுடனும் 2010, ஜப்பானுடன் 2011, ஐக்கிய அரபு அமீரகத்துடனும் ஆஸ்திரேலியாவுடனும் 2022, சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் 2025 அக்டோபர். ஒவ்வொன்றிலும், பொருள் அந்த நாட்டில்தான் உருவானது என்று காட்ட ஒரு விதி இருக்கிறது. ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதிப்படி 35 சதவீத மதிப்பு அந்தப் பகுதியில் சேர்ந்திருக்க வேண்டும், பொருளின் ஆறு இலக்க எண்ணும் மாறியிருக்க வேண்டும். சீனாவில் செய்த பொருளை வியட்நாமில் பெட்டி மாற்றிக் கொண்டுவந்தால் சலுகை கிடையாது.

முன்பெல்லாம் சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் இருந்தால் போதும் என்று விட்டார்கள். 2020 செப்டம்பர் 21 முதல், பிறப்பிடத்தைச் சரிபார்க்கும் கரோட்டார் விதிகள். அந்தப் பொருள் எப்படி உருவானது, மதிப்பு எப்படிச் சேர்ந்தது என்ற விவரம் இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும், ஐந்தாண்டு வைத்திருக்கவும் வேண்டும். சான்றிதழ் அயல்நாட்டு அதிகாரி கொடுத்தது, எனக்குத் தெரியாது என்று இனிச் சொல்ல முடியாது. எந்த ஃபார்வர்டர் இந்த விவரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைக்கிறாரோ, அவரை விட்டு வாடிக்கையாளர் விலகமாட்டார். புதிதாக வருபவர்களுக்கு வருமானம் இருக்கும் இடம் இது. பெரியவர்கள் பலர் இதில் கவனம் வைப்பதில்லை.

இலங்கை ஒப்பந்தத்தில் இன்னொரு பாடமும் உண்டு. இந்தியா பாமாயிலுக்கு உயர்ந்த வரி வைத்திருந்த காலத்தில், இலங்கையில் குறைந்த வரியில் பாமாயிலை இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியின்றி இங்கே அனுப்பினார்கள். அதற்காகவே ஆலைகள் முளைத்தன. தாமிரத்திலும் அப்படியே. பிறகு இந்தியா அளவுக் கட்டுப்பாடு வைத்தது, இங்கேயும் பாமாயில் வரி இறங்கியது. அந்த வணிகம் வந்த வேகத்தில் போனது. வரி வித்தியாசத்தில் மட்டும் பிறக்கும் சரக்கு வந்தால் வேலையைச் செய்யுங்கள். அதை நம்பி ஆள் சேர்க்காதீர்கள், கிடங்கு வாடகைக்கு எடுக்காதீர்கள்.

7. ஒரே ஆலையை நம்பிக் கடை வைக்காதீர்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் கைபேசி செய்யத் தொடங்கியது. பாகங்கள் விமானத்தில் வந்தன, கைபேசிகள் விமானத்தில் போயின. சென்னை விமான நிலையச் சரக்குப் பகுதியே அந்த வேகத்தில் ஓடியது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. ஃபோர்டு மறைமலை நகரில் காலூன்றி, ஏற்றுமதியும் செய்து, 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. திறந்த வர்த்தகத்தில் முதலீடு சுலபமாக வரும், சுலபமாகப் போகவும் செய்யும். லாரி வாங்கிக் கடனில் நின்ற சிறு முதலாளிகளும், வேன் ஓட்டுநர்களும், பேக்கிங் பெண்களும்தான் அதன் வலியைச் சுமந்தார்கள். செய்தித்தாள் ஆலைத் தொழிலாளரைப் பற்றி எழுதியது. இவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஒரே சந்தையை நம்புவதும் அப்படித்தான். துணியைப் பாருங்கள். ஐரோப்பாவில் வங்கதேசத்து ஆடைக்கு வரி இல்லை. நம் ஆடைக்கு 9 சதவீதத்துக்கு மேல் வரி. அதனால் வங்கதேசத்துக்கு ஆர்டர் போனது. ஆனால் அந்த ஆடைக்கு நூல் வேண்டும். இந்தியப் பருத்தி நூல் ஏராளமாக வங்கதேசம் போகிறது. ஆடையோடு நின்றுவிடாமல் நூலையும் பின்தொடர்ந்த ஃபார்வர்டருக்கு வேலை குறையவில்லை. பிறகு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருட்கள் மீது 50 சதவீதம் வரை வரி போட்டபோது திருப்பூர் பதறியது. அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஒரு பக்கம் மூடும்போது இன்னொரு பக்கம் திறக்கிறது. நம் நாடும் அப்படித்தான், 2018 பட்ஜெட்டில் கைபேசி வரியை 20 சதவீதமாக உயர்த்தி, 2024 ஜூலையில் 15-க்குக் குறைத்தது. தாராளமயம் ஒரே திசையில் போகும் பாதை என்று எண்ணி வியாபாரத்தைத் திட்டமிடாதீர்கள்.

8. துறைமுகங்களை மனதில் வரைபடமாக வைத்திருங்கள்.

சென்னைத் துறைமுகத்தில் தனிக் கன்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. 2001-இல் அதை நடத்தும் பொறுப்பு தனியாரிடம் போனது. தூத்துக்குடியில் 1999-இலேயே தனியார் முனையம். எண்ணூர், காட்டுப்பள்ளி பின்னால் வந்தன. ஆனாலும் தூத்துக்குடிச் சரக்கில் பெரும்பங்கு ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய்த்தான் தாய்க் கப்பல் ஏறுகிறது. கொழும்பில் நெரிசல் என்றால் திருப்பூர்க்காரரின் டெலிவரி தேதி தவறும். 2018-இல் கடலோரப் போக்குவரத்து விதி தளர்ந்ததால், வெளிநாட்டுக் கப்பலும் நம் துறைமுகங்களுக்கிடையே ஏற்றுமதி, இறக்குமதிக் கன்டெய்னரை எடுத்துப் போகலாம். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. எந்தச் சரக்குக்கு எந்த வழி என்று ஆண்டுதோறும் புதிதாகக் கணக்குப் போடுங்கள்.

கப்பல் கம்பெனியையும் விலை பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். 2016 ஆகஸ்ட் கடைசியில் கொரியாவின் ஹான்ஜின் முறிந்தபோது, அதன் கப்பல்களைப் பல துறைமுகங்கள் உள்ளே விடவில்லை. சரக்கு கடலிலேயே நின்றது. 2023 கடைசியில் செங்கடல் வழி அடைபட்டு, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியதும் ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் கூடியது. கப்பல் தவறினால், சரக்கு அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போனால், அன்றைக்கே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். அவர் திட்டுவார். ஆனால் அடுத்த கன்டெய்னரையும் உங்களிடமே கொடுப்பார்.

9. வாடிக்கையாளருக்காக உங்கள் பணத்தைப் போடாதீர்கள்.

கப்பல் கம்பெனி பணம் வாங்காமல் பி.எல். கொடுக்காது. விமானக் கம்பெனிக்கு ஐயாட்டா கணக்கில் தேதி தவறாமல் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளரோ 60 நாள், 90 நாள் கடன் கேட்பார். போட்டி பெருகியதால் கடன் கொடுப்பதே விற்பனையாகிவிட்டது. சுங்க வரியையும் நீங்களே கட்டிவிடுங்கள், பிறகு தருகிறேன் என்பார்கள். கட்டாதீர்கள். இந்தத் தெருக்களில் மூடிய அலுவலகங்களில் வேலை இல்லாமல் மூடியவை குறைவு. வேலை நிறைய இருந்தும், வரவேண்டிய பணம் வராமல் மூடியவைதான் அதிகம். மறுத்துச் சொல்ல மனம் வராவிட்டால், உங்கள் வீட்டாரை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

10. பில்லில் ஒளிக்காதீர்கள்.

எல்.சி.எல். இறக்குமதியில் ஒரு கெட்ட பழக்கம் வேரூன்றியிருக்கிறது. சீனாவிலிருந்து சென்னைக்கு ஃப்ரைட் ஒன்றுமில்லை என்பார்கள். சில நேரம் அங்குள்ள ஏஜென்டுக்கு இவர்களே திருப்பிப் பணம் கொடுத்துச் சரக்கைப் பிடிப்பார்கள். அதை எங்கே மீட்பார்கள்? இங்கே டெலிவரி ஆர்டர் வாங்க வரும் சிறு இறக்குமதியாளரிடம், வாயில் நுழையாத பெயர்களில் பத்துக் கட்டணம் போட்டு மீட்பார்கள். அவர் விலையில் ஃப்ரைட் அடங்கிவிட்டது என்று நம்பி வந்திருப்பார். பணம் கட்டாவிட்டால் தாமதக் கட்டணமான டெமரேஜ் ஏறும். அவருக்கு வேறு வழி கிடையாது. வரி குறைந்து பொருள் மலிவாக வரவேண்டும் என்பதுதான் தாராளமயத்தின் நோக்கம். அந்த நன்மையை வழியில் நாமே தின்றால் என்ன நியாயம்? இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் இதில் சேராதீர்கள். கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

11. கணினியைக் கண்டு அஞ்சாதீர்கள், அதை மட்டும் நம்பவும் செய்யாதீர்கள்.

மேசை மேசையாகக் காகிதம் தூக்கிய வேலை போய்விட்டது. 2005-இல் இடர் மேலாண்மை முறை வந்து, பெருவாரியான பெட்டிகள் திறக்கப்படாமலே போகத் தொடங்கின. முகமறியா மதிப்பீடு 2020 ஜூன் 8-இல் முதன்முதலாகத் தொடங்கியதே நம் சென்னையிலும் பெங்களூரிலும்தான். சென்னையில் இறங்கும் சரக்கை வேறு ஊர் அதிகாரி மதிப்பிடுகிறார். அவருக்குப் பொருளைத் தெரியாது, உங்களையும் தெரியாது. நீங்கள் எழுதும் விளக்கம் மட்டுமே அவர் கண்ணில் படும். தெளிவாக நாலு வரி ஆங்கிலத்தில் எழுதப் பழகுங்கள். சுங்க முகவர் தேர்வுக்கும் அது உதவும்.

12. சுங்க முகவர் தேர்வை எழுதுங்கள், குறிப்பாகத் தங்கைகள்.

கடினமான தேர்வுதான். எழுத்து, நேர்முகம் இரண்டும் உண்டு. சுங்கச் சட்டம், வகைப்படுத்தல், மதிப்பீடு, அயல்நாட்டு வர்த்தகக் கொள்கை எல்லாம் வரும். துறைமுக வாசலில் இரவு பகல் நிற்கும் வேலை ஆண்களுக்குத்தான் என்று சொல்லிச் சொல்லியே பெண்களை அலுவலகத்துக்குள் டைப் அடிக்க வைத்தார்கள். இன்றைக்கு அந்த வேலையின் பெரும்பகுதி திரையில் நடக்கிறது. லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இப்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் அலுவலகத்தின் சென்ற ஆண்டுக் கோப்புகளை எடுத்து, எத்தனை வேலை நாமினேஷனில் வந்தது, எத்தனை வேலை நாமே தேடிப் பிடித்த வாடிக்கையாளருடையது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் நாமினேஷன் என்றால், உங்கள் சம்பளத்தை வேறு நாட்டில் யாரோ ஒருவர் முடிவு செய்துகொண்டிருக்கிறார். அந்தப் பட்டியலிலிருந்து சிறிய ஏற்றுமதியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இந்த வாரமே அவர் ஊருக்குப் போய், அடுத்த ஆர்டரையாவது சி.ஐ.எஃப்.பில் விற்கச் சொல்லிப் பேசுங்கள்.